மெதுவாக ஓடுபவர் மீது சுமத்தப்படும் பழி

மேலைநாட்டு ஊர்களில் இயங்கும் ஓட்டக் கழகங்கள் கோடைக்காலத்தில் நடத்தும் ‘ஃபன் ரன்’ எனப்படும் மகிழ்வோட்டங்களைப் பற்றி, நெடுந்தூர ஓட்டத்தை ஆழ்ந்து பயில்வோரிடையிலும் விளையாட்டைப் பற்றி எழுதுவோரிடையிலும் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அவை பொழுதுபோக்கே அன்றி விளையாட்டு அல்ல என்றும், பயிற்சியும் இலக்கும் வெற்றி தோல்வியும் கொண்ட ஓட்டத்தை அவை நீர்த்துப்போகச் செய்துவிட்டன என்றும், கழகங்கள் தம் உழைப்பை நடப்பவர்களுக்கும் தட்டுத் தடுமாறி ஓடுபவர்களுக்கும் செலவிடத் தொடங்கியதால்தான் வேகமான ஓட்டக்காரர்கள் அருகிப்போனார்கள் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். இப்படிச் சொல்பவர்களில் பலர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த விளையாட்டுக்குக் கொடுத்தவர்கள் என்பதால், அவர்களுடைய கூற்றை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது; ஆனால் நெடுந்தூர ஓட்டத்தின் கடந்த அறுபது ஆண்டு வரலாற்றை எடுத்து வைத்துப் பார்த்தால், அந்தக் கூற்று நிற்க இடமில்லாமல் போகிறது.

மகிழ்வோட்டம் என்பது எது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கோடை என்றதும் கத்திரி வெயிலை நினைக்கும் தமிழ் வாசகருக்கு அந்தப் பருவத்தில் ஓட்டம் என்பதே விந்தையாகத் தோன்றலாம்; ஆனால் இங்கிலாந்திலோ அமெரிக்காவின் வட மாநிலங்களிலோ கோடை என்பது பனியும் மழையும் விலகி, மாலையில் வெகுநேரம் வரை வெளிச்சம் நிலைத்திருக்கும் காலம் ஆகையால், வேலை முடிந்து வந்தவர்கள் ஒரு பூங்காவில் கூடி ஓடுவதற்கு அதைவிட ஏற்ற பருவம் வேறில்லை. உள்ளூர்க் கழகம் தூரத்தை அளந்து கொடியிட்டு வைக்கிறது. பெரும்பாலும் ஒரு மைல் முதல் ஐந்து கிலோமீட்டர் வரையிலான தூரம். கட்டணம் இல்லை, அல்லது பெயரளவுக்கு மட்டும். கழக உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. குழந்தையும் ஓடலாம், பாட்டியும் ஓடலாம், ஓட முடியாதவர் நடக்கலாம். சில கழகங்கள் நேரத்தைக் குறிப்பதில்லை, சில குறிக்கின்றன, வேறு சில ஓட்டக்காரர்களின் பழைய நேரங்களைக் கணக்கிட்டு மெதுவாக ஓடுபவரை முதலிலும் வேகமானவரைக் கடைசியிலும் புறப்பட வைக்கின்றன. இந்தக் கடைசி முறை ‘ஹேண்டிகேப்’ எனப்படும் ஈட்டு ஓட்டம். கணக்குச் சரியாக இருந்தால் எல்லாரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எல்லைக்கோட்டை எட்ட வேண்டும் என்பது அதன் உள்ளமைப்பு.

மகிழ்வோட்டத்தில் போட்டி இல்லை என்ற குற்றச்சாட்டு இந்த ஈட்டு ஓட்டத்தின் முன்னேயே உடைந்துவிடுகிறது. சாதாரணப் பந்தயத்தில் இருநூறு பேர் புறப்பட்டால் வெற்றி தோல்வி என்ற பேச்சு முன்னணியில் உள்ள ஐந்தாறு பேருக்கு மட்டுமே பொருந்தும். ஏனையோருக்குப் புறப்படும்போதே முடிவு தெரியும். ஈட்டு ஓட்டத்திலோ முன்னால் போனவர் பின்னால் கேட்கும் காலடி ஓசைக்கு அஞ்சி ஓட, கடைசியில் புறப்பட்டவர் ஒவ்வொருவராகத் துரத்திப் பிடிக்க, இருநூறு பேருமே போட்டியில் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் மில் வேலி என்ற ஊரிலிருந்து மலையேறி இறங்கி ஸ்டின்சன் கடற்கரையில் முடியும் டிப்சி ஓட்டம் 1905-இல் தொடங்கியது. தொடக்கத்திலேயே அறுநூற்றுக்கும் மேற்பட்ட படிகளில் ஏற வேண்டியிருக்கும் அந்தக் கடும் பாதையில், வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப முன்கூட்டியே புறப்பட நிமிடங்கள் தரப்படுவதால், எட்டு வயதுச் சிறுமியும் எழுபதைக் கடந்த முதியவரும் அதை வென்றிருக்கிறார்கள். அதை விளையாட்டு அல்ல என்று சொல்லத் துணிந்தவர் அந்தப் படிகளை ஒருமுறை ஓடி ஏறிப் பார்க்கட்டும்.

மெதுவாக ஓடுவதை ஒரு மக்கள் இயக்கமாக ஆக்கியவர் யார் என்று தேடினால், இக்குற்றச்சாட்டு இன்னும் வலுவிழக்கும். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரைச் சேர்ந்த ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளரின் மாணவர்கள் 1960 செப்டம்பர் 2 அன்று ரோம் ஒலிம்பிக்கில் ஏறத்தாழ ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு தங்கங்களை வென்றனர்: பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும். அதே ஒலிம்பிக்கின் மாரத்தானில் அவருடைய மற்றொரு மாணவர் பாரி மகீ வெண்கலம் வென்றார். 1962 ஜனவரியில் ஸ்னெல் ஒரு மைல் ஓட்டத்தில் உலகச் சாதனையை முறியடித்தார். அதே 1962-இல்தான் லிடியார்டின் தூண்டுதலால் ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப் என்ற மெல்லோட்டக் கழகம் உருவானது. மாரடைப்பு வந்தவரைப் படுக்கையில் கிடத்துவதே மருத்துவம் என்று கருதப்பட்ட அந்தக் காலத்தில், மாரடைப்பிலிருந்து மீண்டவர்களும் தொந்தி விழுந்த நடுத்தர வயதினரும் அங்கே கூடி, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடினார்கள். உலகின் மிக வேகமான ஓட்டக்காரர்களை உருவாக்கிய அதே மனிதர், மிக மெதுவான ஓட்டக்காரர்களுக்கும் அதே காலத்தில், அதே ஊரில் வழிகாட்டியாக இருந்தார்.

அந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் தம் அஞ்சலோட்டக் குழுவுடன் நியூசிலாந்து சென்றார். லிடியார்ட் அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மெல்லோட்டக்காரர்களுடன் ஓட அழைத்துச் சென்றபோது, தம்மை உடல்தகுதி உள்ளவர் என்று எண்ணியிருந்த, ஐம்பதைத் தாண்டிய பவர்மன் மேட்டில் மூச்சு வாங்கிப் பின்தங்கினார். மூன்று முறை மாரடைப்பு கண்டு மீண்ட, எழுபதைக் கடந்த ஒருவர் அவருக்குத் துணையாக உடன் ஓடிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். 1963-இல் யூஜின் நகருக்குத் திரும்பிய பவர்மன் உள்ளூர் மக்களை ஓடுகளத்துக்கு அழைத்தார்; 1967-இல் இதயநோய் மருத்துவர் டபிள்யூ. இ. ஹாரிஸுடன் சேர்ந்து மெல்லோட்டத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் அமெரிக்காவில் ஓட்டத்தை வீட்டுக்கு வீடு கொண்டு சென்றது. மகிழ்வோட்டம் உயர்தர விளையாட்டுக்கு வெளியிலிருந்து வந்து நுழைந்த அந்நியப் பொருள் என்று நம்புவோர் இந்த வரலாற்றை எங்கே வைப்பார்கள்?

இது தற்செயலும் அல்ல. லிடியார்டின் முறைக்கு அடித்தளம், வேகத்தைக் கூட்டுவதற்கு முன் பல வாரங்களுக்கு, மூச்சுத் திணறாத வேகத்தில் நெடுந்தூரம் ஓடுவது. உயிர்வளியைப் போதுமான அளவு பயன்படுத்தி ஓடும் அந்த ஓட்டத்தில் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை வெளியேற்றப் பழகுகிறது, தசையிழைகளைச் சுற்றி நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, தசைச் செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா எனப்படும் இழைமணிகள் கூடுகின்றன. 800 மீட்டர் ஓடும் ஸ்னெல்லையே அவர் ஆக்லாந்துக்கு மேற்கேயுள்ள வையடாருவா மலைப்பாதையில் 22 மைல் ஓடவைத்தார். மெல்லோட்டக் கழகத்தின் முதியவருக்கும் ஒலிம்பிக் வீரருக்கும் அவர் சொன்ன பாடம் ஒன்றே. வேறுபட்டவை தூரமும் அதன் பின் வந்த கடும் பயிற்சிகளும் மட்டுமே. மெதுவான ஓட்டத்தை இழிவாகப் பேசும் வேகமான ஓட்டக்காரர், தம் வாராந்திரப் பயிற்சியின் பெரும்பகுதியையே இழிவாகப் பேசுகிறார்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்று பிரிட்டனிலிருந்து வருகிறது. 1985-இல் சிகாகோ மாரத்தானில் ஸ்டீவ் ஜோன்ஸ் ஓடிய 2 மணி 7 நிமிடம் 13 விநாடி என்ற பிரிட்டிஷ் சாதனையை 2018-இல் லண்டனில் மோ ஃபாரா முறியடிக்கும்வரை, முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அந்நாட்டு ஆண்கள் எவரும் தாண்டவில்லை. 2 மணி 20 நிமிடத்துக்குள் ஓடக்கூடிய ஆண்களின் எண்ணிக்கையும் அந்த இடைக்காலத்தில் வெகுவாகக் குறைந்தது. இதே காலத்தில்தான் லண்டன் மாரத்தான் ஆயிரக்கணக்கானோர் வேடமணிந்தும் நன்கொடை திரட்டியும் ஓடும் மக்கள் திருவிழாவாக வளர்ந்தது. ஆகவே கூட்டம் பெருகியதால் தரம் தாழ்ந்தது என்று முடிவு கட்டுகிறார்கள். இந்தக் கணக்கில் உள்ள முதல் குறை, அது பெண்களை எண்ணாமல் விட்டது. அதே பிரிட்டனில், தரம் தாழ்ந்ததாகச் சொல்லப்படும் அதே ஆண்டுகளின் நடுவில், 2003 ஏப்ரலில், அதே லண்டன் மாரத்தானில் பவுலா ராட்கிளிஃப் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடிப் படைத்த உலகச் சாதனை 2019 வரை நின்றது. கூட்டம் தரத்தைக் கெடுக்கும் என்றால் ஆண்களுடைய தரத்தை மட்டும் ஏன் கெடுக்க வேண்டும்?

இரண்டாவதாக, கூட்டம் பெருகிய வேறு நாடுகளை இவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஜப்பானின் டோக்கியோ மாரத்தான் 2007-இல் ஏழு மணி நேர அவகாசத்துடன் பல்லாயிரம் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்தது. 2002-லிருந்து அசையாமல் இருந்த ஜப்பானிய ஆடவர் சாதனை 2018 பிப்ரவரியில் முறிந்தது. அதை முறியடித்த யூட்டா ஷிதாரா ஓடியது இந்த டோக்கியோ மாரத்தானில்தான். அங்கே பள்ளி, பல்கலைக்கழகம், தொழில் நிறுவனம் ஆகிய மூன்று படிகளிலும் நெடுந்தூர அஞ்சலோட்ட அணிகள் உள்ளன. திறமையுள்ள இளைஞருக்குப் பயிற்சியும் ஊதியமும் கிடைக்கின்றன. ஒரு நாட்டில் வேகமான ஓட்டக்காரர்கள் உருவாவதும் உருவாகாமல் போவதும் இத்தகைய ஏற்பாடுகளைப் பொறுத்தவை. பூங்காவில் ஐந்து கிலோமீட்டரை நாற்பது நிமிடத்தில் முடிக்கும் ஒருவர் யாருடைய இடத்தையும் பறிப்பதில்லை. உண்மையில் நிலைமை நேர்மாறானது: ஒரு மாநகரம் தன் சாலைகளை ஒரு பகல் முழுதும் மூடுவதும், விளம்பர நிறுவனங்கள் பரிசுத் தொகைக்குப் பணம் கொடுப்பதும் முன்னால் ஓடும் முப்பது பேருக்காக அல்ல, பின்னால் வரும் முப்பதாயிரம் பேருக்காக. பின்னால் வருபவர்கள் வராவிட்டால் முன்னால் ஓடுபவருக்குச் சாலையே கிடைக்காது. 1981 மார்ச் 29 அன்று நடந்த முதல் லண்டன் மாரத்தானில் முன்னணியில் வந்த அமெரிக்கரும் நார்வேக்காரரும் கைகோத்தபடி எல்லைக்கோட்டைக் கடந்து வெற்றியைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதையும், கூட்டம் பெருகுவதற்கு முந்தைய பொற்காலத்தைப் பற்றிப் பேசுவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால் இந்த விவாதத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான பகுதி பெண்களைப் பற்றியது. ‘இது தீவிரமான விளையாட்டு, தகுதியற்றவர்களுக்கு இடமில்லை’ என்ற வாதம் நெடுந்தூர ஓட்டத்தில் எவ்வளவு காலம், யாருக்கு எதிராகப் பயன்பட்டது என்பதை நேர்மையாகப் பார்த்தால், அந்த வாதத்தை இன்று மீண்டும் கையில் எடுக்க எவருக்கும் கூச்சம் வர வேண்டும். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடியபோது ஜெர்மனியின் லினா ராட்கே உலகச் சாதனையுடன் வென்றார். ஆனால் ஓடி முடித்த பெண்கள் களைத்துத் தரையில் சாய்ந்ததைப் பெரிதுபடுத்திய செய்திகளின் துணையோடு, பெண் உடலுக்கு இந்தத் தூரம் தகாது என்று சொல்லி அந்தப் போட்டியை நீக்கிவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1960-இல். அமெரிக்காவில் தடகளத்தை ஆண்ட அமெச்சூர் அத்லெடிக் யூனியன் என்ற அமைப்பு பெண்களை நெடுந்தூரச் சாலை ஓட்டங்களில் பதிவு செய்ய மறுத்தது. பாஸ்டன் மாரத்தான் அவர்களை முறைப்படி ஏற்றது 1972-இல்தான்.

இந்தத் தடையை உடைத்ததில் பெரும் பங்கு எதற்கு இருந்தது? 1972 ஜூன் 3 அன்று, கோடையின் தொடக்கத்தில், நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் நியூயார்க் ரோட் ரன்னர்ஸ் கழகம் பெண்களுக்கென்றே ஆறு மைல் ஓட்டம் ஒன்றை நடத்தியது. பெண்களுக்கான சவர நுரையை விற்கும் நிறுவனம் ஒன்று தன் விளம்பரத்துக்காகப் பணம் கொடுத்தது. அன்றைய நாகரிகமான குட்டைப் பாவாடையை நினைவூட்டும்படி அதற்கு ‘மினி மாரத்தான்’ என்று பெயரிட்டார்கள். தூய விளையாட்டுக்காரர்கள் எள்ளி நகையாடுவதற்குத் தேவையான எல்லாமே அதில் இருந்தன. ஓடியவர்கள் 78 பேர். அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் மாரத்தானில் ஆறு பெண்கள் கலந்துகொண்டனர். ஆண்களுக்குப் பத்து நிமிடம் முன்னதாக, தனியாகப் புறப்பட வேண்டும் என்று யூனியன் வற்புறுத்தியதால், அவர்கள் தமக்கான துப்பாக்கி ஒலி கேட்டதும் எழுந்து ஓடாமல் புறப்பாட்டுக் கோட்டிலேயே அமர்ந்து, பத்து நிமிடம் கழித்து ஆண்களோடு சேர்ந்து ஓடினார்கள். பெண்கள் நெடுந்தூரம் ஓடுவார்கள், பெருந்திரளாக ஓடுவார்கள், ஓடிய பின் நலமாகவும் இருப்பார்கள் என்பதை ஆய்வுக்கூடங்கள் நிறுவுவதற்கு முன்பே பூங்காக்கள் நிறுவின. ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் சேர்க்கப்பட்டது. முதலில் தரம், பிறகு கூட்டம் என்ற வரிசையை விதியாக வைத்திருந்தால் அந்த 78 பேருக்கு இடம் கிடைத்திருக்காது, ராட்கிளிஃபின் 2003-உம் வந்திருக்காது.

உடல்நலத்துக்கு வாரம் ஒருநாள் ஓட்டத்தால் என்ன ஆகிவிடும் என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது. அமெரிக்காவில் ஐம்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியான ஆய்வு, ஓடாதவர்களைவிட ஓடுபவர்களுக்கு இறப்பு அபாயம் சுமார் 30 விழுக்காடும், இதயநோயால் இறக்கும் அபாயம் சுமார் 45 விழுக்காடும் குறைந்திருந்ததைக் கண்டது. வாரத்துக்கு ஓரிரு முறை, மெதுவாக ஓடியவர்களிடமும் பயன் தெளிவாகத் தெரிந்தது. இத்தகைய ஆய்வு காரண காரியத்தை முழுமையாக நிறுவாது என்பது மெய்யே. ஆயினும் மெதுவாக, அரிதாக ஓடுவது வீண் என்று அடித்துச் சொல்பவர் பக்கம் சான்று எதுவும் இல்லை.

நேரத்தை அளப்பதும் எல்லாரையும் வரவேற்பதும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் இரு தரப்பிலும் காணப்படுகிறது, இரு தரப்பிலும் அது தவறு. 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் பதின்மூன்று பேருடன் தொடங்கி, இன்று உலகெங்கும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் கட்டணமின்றி நடக்கும் பார்க்ரன் என்னும் வாராந்திர ஐந்து கிலோமீட்டர் ஓட்டமே இதற்குச் சான்று. எல்லைக்கோட்டில் ஒரு தன்னார்வலர் ஒவ்வொருவர் கடக்கும்போதும் கடிகாரப் பொத்தானை அழுத்துகிறார். கயிறு கட்டிய குறுகிய வழியில் வரிசை கலையாமல் நடந்து வருபவர்களுக்கு இன்னொருவர் வரிசை எண் பொறித்த சிறு பிளாஸ்டிக் வில்லையைக் கையில் கொடுக்கிறார். மூன்றாமவர் அந்த வில்லையையும் ஓட்டக்காரருடைய பட்டைக்குறியீட்டையும் கருவியால் வருடிப் பதிவு செய்கிறார். ஒருவர் வரிசையில் முந்திவிட்டால் அவருடைய நேரமும் அவர் முந்தியவர்களின் நேரமும் பிசகிவிடும் என்பதால் அந்தக் கயிற்று வழியில் காட்டப்படும் கவனம் கடுமையானது. அதே ஓட்டத்தில், எவரும் கடைசியாக வரக்கூடாது என்பதற்காகவே ஒரு தன்னார்வலர் எல்லாருக்கும் பின்னால் நடந்து வருகிறார். 2012 ஆகஸ்டில், லண்டன் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே, 1,500 மீட்டர் வீரர் ஆண்ட்ரூ பாடலி புஷி பூங்காவின் சனிக்கிழமை ஓட்டத்தில் 13 நிமிடம் 48 விநாடியில் ஓடி முடித்தார். அவருக்குப் பின்னால் அந்தக் கடைசித் தன்னார்வலர் வழக்கம்போல் வந்தார். ஆகையால், 2024 பிப்ரவரியில் அந்த அமைப்பு புதியவர்கள் மிரளக்கூடும் என்று கருதித் தன் இணையதளத்திலிருந்து ஓடுதடச் சாதனைகளையும் அதிவேகப் பட்டியல்களையும் நீக்கியது தேவையற்ற செயல். வேகமும் வரவேற்பும் ஒரே பாதையில் இணைந்து வாழ்ந்ததை இருபது ஆண்டுகள் காட்டியிருந்தன. ஆனால் அந்த நீக்கத்தைச் சாக்காக வைத்து மெதுவானவர்கள்மீது பாய்ந்தவர்களுடைய தவறு அதைவிடப் பெரிது, ஏனெனில் பட்டியலை அகற்றும்படி கேட்டவர்கள் அவர்கள் அல்லர்.

ஒரு குறையை மட்டும் மறைக்காமல் ஏற்க வேண்டும். இங்கிலாந்தில் வறிய பகுதிகளுக்கு அருகிலும் பார்க்ரன் ஓட்டங்கள் நடக்கின்றன என்றாலும், அப்பகுதி மக்கள் வசதியுள்ளோர் அளவுக்குப் பங்கேற்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இரவு வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை காலை உறங்கப் போகிறவருக்கும், குழந்தையை விட்டுவர ஆளில்லாத தாய்க்கும் கட்டணமின்மை மட்டும் போதாது. ஆனால் இது மகிழ்வோட்டத்தைச் சுருக்குவதற்கான காரணம் அல்ல. வேறு நாட்களில், வேறு நேரங்களில், வார மாலைகளில் அதைப் பெருக்குவதற்கான காரணம். உள்ளூர்க் கழகங்களின் கோடை மாலை ஓட்டங்கள் அந்த இடைவெளியில்தான் பயன்படுகின்றன, கழகக் குழுக் கூட்டங்களில் ‘தீவிரமானவர்கள்’ பணத்தையும் ஆட்களையும் கேட்கும்போது முதலில் வெட்டப்படுவதும் அவைதான்.

மகிழ்வோட்டம் விளையாட்டு அல்ல, வெறும் நுகர்வு என்ற கருத்து ஏட்டளவில் நிற்பதில்லை. 2016 ஏப்ரலில், பிரிஸ்டல் நகரை ஒட்டிய ஸ்டோக் கிஃபர்ட் ஊர்மன்றம், லிட்டில் ஸ்டோக் பூங்காவின் பார்க்ரனில் வாரந்தோறும் ஓடிய சில நூறு பேர் பாதைப் பராமரிப்புக்குப் பங்களிக்க வேண்டும் என்று வாக்கெடுப்பில் முடிவு செய்தது. அதே பூங்காவின் ஆடுகளத்தைப் பயன்படுத்தும் கால்பந்து அணிகள் கட்டணம் கட்டுகின்றன என்பது மன்றத்தின் நியாயம். ஆனால் கால்பந்து அணிக்கு ஆடுகளம் தனியே ஒதுக்கித் தரப்படுகிறது, கோடு போட்டுக் கொடுக்கப்படுகிறது, அந்த நேரத்தில் வேறெவரும் அதில் கால்வைக்க முடியாது. ஓடுபவர்களோ நாயுடன் உலவுபவரும் மிதிவண்டிச் சிறுவரும் பயன்படுத்தும் அதே பொதுப் பாதையில், அவர்களுக்கு வழிவிட்டு ஓடினார்கள். கட்டணமின்மையைக் கொள்கையாகக் கொண்ட அமைப்பு அந்த நிபந்தனையை ஏற்கவில்லை. லிட்டில் ஸ்டோக்கில் ஓட்டம் நின்றது. கட்டணம் கேட்ட மன்றத்துக்கு அந்தக் கட்டணமும் வந்து சேரவில்லை.